மிதாலிக்குக் காலந்தாழ்ந்த ஒரு பிரியாவிடை

(எழுதியவர்: ஒரு முன்னாள் மாணவி, இப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்)

2025-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, எங்கள் வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று அறியாத என் மாமியார்கூட முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். நவி மும்பை டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நள்ளிரவு நெருங்கும் வேளையில் தீப்தி சர்மா பந்து வீச, தென்னாப்பிரிக்காவின் கடைசி வீராங்கனை தூக்கி அடித்த பந்தைக் கேப்டன் ஹர்மன்பிரீத் கௌர் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். 52 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வெற்றி. இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார்கள். எங்கள் தெருவில் சரவெடி வெடித்தது. பெண்கள் ஆடிய ஆட்டத்துக்காக அந்தத் தெருவில் வெடிச்சத்தம் கேட்டது அதுவே முதல் தடவை.

பிறகு ஒரு காட்சி. ஆடி முடித்த பெண்கள் அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், மைதானத்தில் நின்றிருந்த மூத்தவர்கள் சிலரிடம் கொடுத்தார்கள். அஞ்சும் சோப்ரா, ஜூலன் கோஸ்வாமி, மிதாலி ராஜ். மிதாலி அதைத் தூக்கிப் பிடித்தபோது என் கண்ணாடி மங்கிவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

என் மகள் கேட்டாள்: "யாரும்மா அவங்க? கோச்சா?"

சுருக்கென்றது எனக்கு. ஸ்மிருதி மந்தானாவின் மட்டையில் எந்த விளம்பரம் ஒட்டியிருக்கிறது என்பது வரை அறிந்த பெண் அவள். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் எடுத்த 127 ஓட்டங்களை வரிசையாக ஒப்பிப்பாள். ஆனால் மிதாலியை அவளுக்குத் தெரியவில்லை. அவள்மேல் குற்றமில்லை. சொல்லிக்கொடுக்காதது நான்தானே? அன்றிரவு அவளுக்குச் சொல்லத் தொடங்கியதை, ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, தாளில் எழுதி முடித்துவிட எண்ணினேன். அன்பு மாணவியரே, உங்களுக்காகவும்தான்.

மிதாலி ராஜுக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் 1982 டிசம்பர் 3-ஆம் நாள் பிறந்தவர். அந்த ஒற்றுமையைத் தவிர எங்களுக்குள் வேறெதுவும் கிடையாது. என் தந்தை ஜவ்வரிசி மில் ஒன்றில் கணக்கு எழுதினார். மாவு காயப்போடும் களம் காலியாகக் கிடக்கும் நாட்களில் அதுதான் எங்கள் மைதானம். தென்னை மட்டையைச் செதுக்கிய பேட், ரப்பர் பந்து, சுவரில் கரியால் இழுத்த மூன்று கோடு ஸ்டம்ப். அண்ணன்மார் இருவரும் பந்து வீச, நான் சளைக்காமல் தடுப்பேன். அடிக்கத் தெரியாது, அவுட் ஆகவும் மாட்டேன். அதனாலேயே அவர்களுக்கு என்மேல் கோபம். எட்டாம் வகுப்பில் என்னை நிறுத்திவிட்டார்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் தாய்மாருக்குத் தெரியும். அதன்பின் திண்ணையில் உட்கார்ந்து அண்ணன்மாருக்கு ஸ்கோர் எழுதினேன்.

1999-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆண்கள் உலகக் கோப்பை நடந்தது. எங்கள் தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது. ஜூன் 20-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியா பாகிஸ்தானை வென்றதோடு எல்லாரும் கலைந்து போனோம். சரியாக ஆறு நாள் கழித்து, அதே இங்கிலாந்தில், மில்ட்டன் கீன்ஸ் என்ற ஊரில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அயர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்தாள். நாங்கள் யாரும் பார்க்கவில்லை; கேள்விப்படவும் இல்லை. அன்று அவளோடு தொடக்க ஆட்டக்காரியாக இறங்கிய ரேஷ்மா காந்திக்கும் அதுவே முதல் ஆட்டம். அவரும் ஆட்டமிழக்காமல் 104 எடுத்தார். விக்கெட் இழப்பின்றி 258! ரேஷ்மா காந்தி அதற்குப்பின் இந்தியாவுக்காக ஆடிய ஒருநாள் ஆட்டம் இன்னும் ஒன்றே ஒன்று. ஒரே நாளில் ஒரே பிட்ச்சில் சதம் அடித்த இருவரில் ஒருவர் 232 ஆட்டம், மற்றவர் 2 ஆட்டம். இந்தக் கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மிதாலி தமிழ்க் குடும்பத்துப் பெண். தந்தை துரைராஜ் விமானப் படையில் பணிபுரிந்தவர், தாய் லீலா. பிறந்தது ராஜஸ்தானத்து ஜோத்பூரில், வளர்ந்தது ஹைதராபாத்தில். சிறு வயதில் காலையில் நேரத்தோடு எழுந்திருக்கமாட்டாராம். சோம்பல் போகட்டும் என்று தந்தை, அண்ணனுடைய கிரிக்கெட் பயிற்சிக்கு இவரையும் கூடவே அழைத்துப் போயிருக்கிறார். பரதநாட்டியம் எட்டு ஆண்டுகள் கற்றவர். ஒரு கட்டத்தில் நாட்டியமா கிரிக்கெட்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. சம்பத் குமார் என்ற பயிற்சியாளர் கண்டிப்போடு பயிற்றுவித்தார்; தம் மாணவி இந்தியாவுக்காக ஆடுவதைக் காணுமுன்பே விபத்தில் மறைந்துவிட்டார். மிதாலியின் ஆட்டத்தைப் பார்த்தால் நாட்டியம் கற்ற கால் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். எனக்கு நாட்டியம் தெரியாது. ஆனால் அவர் முன்காலை எடுத்து வைத்து கவர் திசையில் பந்தைத் தள்ளும்போது பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்திருக்கிறேன்.

முதன்முதலில் அவர் பெயரை நான் படித்தது 2002 ஆகஸ்டில். இங்கிலாந்தின் டான்டன் நகரில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் 407 பந்துகளைச் சந்தித்து 214 ஓட்டங்கள். அப்போது பெண்கள் டெஸ்ட் ஆட்டத்தில் அதுவே உலக சாதனை. வயது 19. அதே ஆண்டு ஜனவரியில் லக்னோவில் தம் முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு அவுட் ஆனவர்! செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு மூலையில், நாலு விரல் அகலத்துக்கு அச்செய்தி வந்திருந்தது. அதைக் கத்தரித்து மளிகைக் கணக்கு நோட்டில் ஒட்டிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் துவரம் பருப்பு ஒரு கிலோ, எதிர்ப்பக்கம் மிதாலி.

அந்நாளில் பெண்கள் கிரிக்கெட் எப்படி நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 2006-ஆம் ஆண்டில்தான் பெண்கள் கிரிக்கெட் அமைப்பு பி.சி.சி.ஐ.யோடு இணைந்தது. அதற்கு முன் முன்பதிவு இல்லாத ரயில் பெட்டிகளில் மூட்டை முடிச்சுகளோடு போய் வந்திருக்கிறார்கள். 2005-இல் மிதாலியின் தலைமையில் இந்தியா முதன்முறையாக உலகக் கோப்பை இறுதிக்குப் போனது. அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் 91. தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் மைதானத்தில் இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 98 ஓட்டங்களில் தோற்றார்கள். அந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு வீராங்கனைக்குக் கிடைத்தது ஆயிரம் ரூபாய் என்று பிற்காலத்தில் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். 2025-இல் வென்ற அணிக்கு பி.சி.சி.ஐ. அறிவித்த பரிசு 51 கோடி ரூபாய். பணத்தை எண்ணிப் பொறாமைப்படச் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய்க் காலத்தில் ஒருவர் மைதானத்தை விட்டுப் போகாமல் இருந்தால்தானே, கோடி ரூபாய்க் காலத்தில் ஆட ஆள் இருக்கும்?

என் பெரியண்ணனுக்கு இந்த வாதம் பிடிக்காது. "என்ன அம்மிணி, இருபத்திரண்டு வருசம் ஆடியும் ஒரு கப்பு வாங்கலையே உங்க மிதாலி?" என்பார். அவர் சொல்வதில் கணக்குத் தப்பில்லை. ஆறு உலகக் கோப்பைகள் ஆடினார்: 2000, 2005, 2009, 2013, 2017, 2022. ஒன்றும் கைக்கு வரவில்லை. 2013-இல் நம் நாட்டிலேயே நடந்தபோது இந்தியா முதல் சுற்றோடு வெளியேறியது. ஏழாம் இடம் யாருக்கு என்று முடிவு செய்யக் கட்டாக்கில் ஓர் ஆட்டம். யார் பார்ப்பார்கள் அதை? மிதாலி அதில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 103 எடுத்தார். அண்ணா, உங்களுக்கு அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? இருக்காது. எனக்கு அவரைப் பிடித்துப் போனதே அந்த ஆட்டத்தால்தான். கோப்பை போய்விட்டது, நாற்காலிகள் காலி, ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆனாலும் நூறு அடிக்கும் வரை நின்றார்.

அதே உலகக் கோப்பையில், மும்பையில், நம் சென்னைப் பெண் திருஷ் காமினி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 எடுத்தார். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் அவர். மறு ஆண்டு மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192. இரண்டு தடவையும் கேப்டன் மிதாலிதான். நம் ஊர்ப் பத்திரிகைகளில் இவற்றுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று நான் சொல்லப் போவதில்லை. என் நோட்டில் இரண்டுக்கும் இடம் கொடுத்தேன்.

இனி 2017. ஜூலை 12-ஆம் நாள் பிரிஸ்டலில், ஒருநாள் ஆட்டங்களில் உலகிலேயே அதிக ஓட்டங்கள் எடுத்த பெண் என்ற பெயரை இங்கிலாந்தின் சார்லட் எட்வர்ட்ஸிடமிருந்து பெற்றார். 6,000 ஓட்டங்களை எட்டிய முதல் பெண்ணும் ஆனார். மூன்று நாள் கழித்து நியூசிலாந்துக்கு எதிராக 109. அந்தப் போட்டி தொடங்குவதற்கு முன் ஒரு நிருபர் அவரிடம், ஆண் வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டாராம். ஆண் வீரர்களிடம், உங்களுக்குப் பிடித்த வீராங்கனை யார் என்று கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டார் மிதாலி. குரலை உயர்த்தாமல் கேட்டார் என்பதுதான் அதன் அழகு. மட்டை பிடிக்கத் தம் முறை வரும்வரை எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த படமும் அப்போதுதான் நாடெங்கும் பரவியது. அவர் ஆடத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஒரு புத்தகத்தால், நாம் அவரைக் கண்டுகொண்டோம்!

ஜூலை 23, லார்ட்ஸ் மைதானத்தில் இறுதி ஆட்டம். இங்கிலாந்து 228. இந்தியா 3 விக்கெட்டுக்கு 191. இன்னும் 38 ஓட்டங்கள் போதும். எங்கள் வீட்டில் பாயசத்துக்குச் சேமியா வறுத்தாயிற்று. பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. 28 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் விழுந்தன. 9 ஓட்டங்களில் தோல்வி. அதில் மிதாலியின் பங்கையும் நான் மறைக்கப் போவதில்லை. 17 ஓட்டங்களில் அவர் ரன் அவுட் ஆனார்; வேகமாக ஓடி முடிக்கவில்லை, பாய்ந்து விழவும் இல்லை. காலணியின் ஆணி தரையில் சிக்கிக்கொண்டது என்று பிறகு விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம், சொந்த அக்காள்மேல் வரும் கோபம். பாயசத்தை மறுநாள் வைத்தோம்.

மெதுவாக ஆடுகிறார் என்ற குற்றச்சாட்டு கடைசி ஐந்தாறு ஆண்டுகள் அவரைத் துரத்தியது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இருபது ஓவர் ஆட்டம் அவருடைய சுபாவத்துக்கு ஏற்றதன்று. அதிலும் அவர் 89 ஆட்டங்களில் 2,364 ஓட்டங்கள் எடுத்தார் என்பது வேறு. ஆட்டத்தின் ஓட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் ஆன்டிகுவாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில், அதற்கு முன் ஆடிய இரண்டு இன்னிங்ஸிலும் ஐம்பதைக் கடந்திருந்த அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். இந்தியா 112-க்குச் சுருண்டு தோற்றது. அதன்பின் கடிதங்களும் அறிக்கைகளும் பத்திரிகைகளில் வந்தன. உட்கார வைத்தது தவறு என்பதே என் கட்சி. ஆனால் அந்தச் சண்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அழகாயில்லை. மறு ஆண்டு அவர் இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். ஓராண்டு முன்னதாகவே விலகியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று ரசிகையாகிய நானே நினைத்ததுண்டு.

ஆனால் மெதுவாக ஆடினார் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகள் அவர் ஒரு முனையில் நிற்க, மறுமுனையில் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அவர் அவுட் ஆனால் இந்தியா முடிந்தது என்ற நிலையில் பழகிய கை அது. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் அவர் சினிமாவுக்குப் போகும்போதும் சில்லறையை எண்ணித்தான் செலவழிப்பார். மந்தானாவும் ஷஃபாலி வர்மாவும் முதல் பந்திலிருந்தே வீசி அடிக்கிறார்கள் என்றால், தாங்கள் அவுட் ஆனாலும் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்ற தைரியம்தான். மிதாலிக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு கணக்கு. டெஸ்ட் ஆட்டத்தில் 214 அடித்தவர் தம் வாழ்நாளில் ஆடிய டெஸ்ட்கள் மொத்தம் 12. அவர் குற்றமா? 2014 நவம்பருக்குப்பின் 2021 ஜூன்வரை இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டம்கூட ஏற்பாடு செய்யப்படவில்லை. ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! எந்த ஆட்டத்தில் அவருடைய நிதானம் பொன்னாக மதிக்கப்பட்டிருக்குமோ அந்த ஆட்டத்தை அவருக்குக் கொடுக்காமல், எந்த ஆட்டத்தில் அது குறையாகத் தெரியுமோ அதில் நிறுத்திவைத்து, மெதுவாக ஆடுகிறாய் என்றார்கள். பெரியண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை, காபி கேட்டார்.

கடைசி ஆட்டம் 2022 மார்ச் 27-ஆம் நாள், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில். அதுதான் கடைசி என்று அன்றைக்கு யாரும் அறிவிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவை வென்றால் அரையிறுதி. மிதாலி 84 பந்துகளில் 68. இந்தியா 274. காயத்தால் ஜூலன் ஆடவில்லை. கடைசி ஓவரில் தீப்தி சர்மா வீசிய பந்தைத் தென்னாப்பிரிக்கப் பெண் தூக்கி அடித்துப் பிடிபட்டார். நாங்கள் எழுந்து குதித்தோம். நடுவர் கையை நீட்டினார். நோபால். அடுத்து, கடைசிப் பந்தில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். தலையில் தொப்பியோடு மிதாலி எதிரணிப் பெண்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். முதல் ஒருநாள் ஆட்டத்திலிருந்து அன்றுவரை 22 ஆண்டு, 274 நாள். சச்சின் டெண்டுல்கரின் ஒருநாள் ஆட்ட வாழ்வு 22 ஆண்டு, 91 நாள்.

ஜூன் 8-ஆம் நாள் ஓர் அறிக்கை வெளியிட்டு விடைபெற்றார். 232 ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ஓட்டங்கள். எல்லா வகை ஆட்டங்களையும் சேர்த்தால் 10,868. கேப்டனாக 155 ஒருநாள் ஆட்டங்கள், 89 வெற்றி. பிரியாவிடை ஆட்டம் என்று ஒன்று கிடையாது, மாலை கிடையாது, தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றி வரவில்லை. ஜூலனுக்காவது அவ்வாண்டு செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் விடைகொடுத்தார்கள். மிதாலி விலகி நான்கே மாதத்தில், அக்டோபரில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆட்ட ஊதியம் சமம் என்று அறிவிப்பு வந்தது. 2023 மார்ச்சில் பெண்களுக்கான பிரீமியர் லீக் தொடங்கியது. அதில் அவர் ஆடவில்லை, ஓர் அணிக்கு ஆலோசகராக அமர்ந்திருந்தார். நெல் நட்டவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். நம் காட்டில் இது புதிதன்று.

அதனால்தான் நவி மும்பையில் தீப்தி சர்மா அந்தக் கடைசிப் பந்தை வீசியபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அதே தீப்தி, அதே தென்னாப்பிரிக்கா. என் மாமியாரிடம், "அத்தை, காலைப் பாருங்க, கோட்டைத் தாண்டறாளான்னு பாருங்க" என்று கத்தினேன். அவருக்கு எந்தக் கோடு என்றே தெரியாது, ஆனாலும் பார்த்தார். தாண்டவில்லை. அன்று தீப்தி 58 ஓட்டங்களும் எடுத்து, ஐந்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அந்தக் கோப்பை மிதாலியின் கைக்கு வந்ததைப் பார்த்துத்தான் என் மகள் கோச்சா என்று கேட்டாள்.

நம் பக்கத்து நிலைமையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன நாமக்கல், மார்க்குக்கும் பெயர்போன ஊர். கோழிப் பண்ணையோடு நம் பள்ளிகளை ஒப்பிட்டு 'பிராய்லர் பள்ளி' என்று வெளியூர்க்காரர்கள் எழுதியபோது நமக்குக் கோபம் வந்தது. ஆனால் முழுப் பொய் என்று சாதிக்கவும் நா எழவில்லை. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பீரியட் கணக்குக்குப் போகிறது. பத்தாம் வகுப்பில் அறிவியலுக்குப் போகிறது. பதினொன்றில் அப்படி ஒரு பீரியட் இருந்ததே மறந்துபோகிறது. நான் இந்தப் பள்ளியை மட்டும் சொல்லவில்லை. பெற்றோராகிய நாமே அதைக் கேட்டு வாங்குகிறோம். பெற்றோர் கூட்டத்தில் விளையாட்டு நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அச்சில் ஒப்புக்கொள்கிறேன்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டி. நடராஜன் என்ற இளைஞர் 2020-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். திரும்பி வந்தபோது ஊரே திரண்டு சாரட்டு வண்டியில் ஊர்வலம் அழைத்து வந்தது. தம் ஊரிலேயே ஒரு மைதானமும் அமைத்தார். அது 2023-இல் திறக்கப்பட்டது. நம் மண்ணுக்குப் பெருமை, சந்தேகமில்லை. அன்றைக்கு அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டில் நான்காம் வகுப்புப் பையனுக்கு உடனே பேட் வாங்கிக் கொடுத்தார்கள். அவனுடைய அக்காள் அவனைவிட நன்றாகப் பந்து வீசுவாள். அவளுக்கு ஒன்றும் வாங்கவில்லை. இப்போது அவள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள், நன்றாகப் படிக்கட்டும். ஆனால் அவள் கை சுழற்றிப் போடும் பந்து மூலையில் கிடக்கிறதே என்று அவள் வாசலில் கோலம் போடும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மகளுக்கு அந்த மளிகை நோட்டைக் காட்டினேன். டான்டன் செய்தியைப் படித்துவிட்டு, "407 பந்தா? ஒரே ஆள் எப்படிம்மா நின்னாங்க?" என்றாள். பிறகு, "எனக்கு யாராவது 40 பந்து போட்டா நான் நிப்பேனான்னு பாக்கணும்" என்றாள். மாமியார் வழக்கம்போல், "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கண்ணு இந்த வெயில்ல பந்தும் மட்டையும்?" என்று தொடங்கினார். ஆனால் கோப்பையைத் தூக்கிய இரவை அவரும் பார்த்தவராயிற்றே. முன்போல் குரலில் பலமில்லை. மறுநாள் மாலை வெயில் தாழ்ந்தபின் மகளைப் பழைய ஜவ்வரிசி மில் களத்துக்கு அழைத்துப் போனேன். காவலாளி என்னை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிட்டார். நான் பந்து போட்டேன். இருபத்தெட்டு ஆண்டு கழித்துப் போட்ட முதல் பந்து அகலமாகப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. மகள் 23-ஆவது பந்தில் அவுட். என்னைப்போல் தடுக்க அவளுக்குப் பொறுமையில்லை. ஆனால் என்னைவிட நன்றாக அடிக்கிறாள்.

தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கணக்கிலிருந்து மீட்டு விளையாட்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இது பேச்சுக்கு வரும் என்றார். அன்றைக்குக் கை தூக்க இன்னும் சில தாய்மார் வேண்டும். இரண்டு மட்டைகளும் ஒரு ஜோடி ஸ்டம்பும் நான் வாங்கித் தருகிறேன். ஜன்னல் கண்ணாடிகளைப் பற்றிச் சிஸ்டர் கவலைப்பட்டார்கள். ரப்பர் பந்துதான், சிஸ்டர்.